மூளையில் ஆண் – பெண் வேறுபாடு எப்படி உருவாகிறது? கருவறையில் தொடங்கி வளரிளம் பருவம் வரை நடப்பது என்ன?

ஆண் மூளை, பெண் மூளை என இரண்டு வகை மூளைகள் இருப்பதாகப் பலரும் நம்புகின்றனர். கணிதம் ஆண்களுக்கு எளிது, மொழி பெண்களுக்கு எளிது என்பது போன்ற பேச்சுகளுக்கு இந்த நம்பிக்கையே அடித்தளம். மறுபுறம், பிறக்கும்போது எல்லா மூளைகளும் ஒன்றுபோலவே இருக்கின்றன, வேறுபாடு முழுவதும் வளர்ப்பினால் வருவதே என்ற கருத்தும் வலுவாக உள்ளது. கடந்த 60 ஆண்டுகளுக்கும் மேலான ஆய்வுகள் இந்த இரண்டு கருத்துகளையும் முழுமையாக ஏற்கவில்லை.

இது வெறும் அறிவியல் விவாதம் அன்று. மனச்சோர்வு பெண்களை அதிகம் பாதிப்பது ஏன், ஆட்டிசம் சிறுவர்களிடம் அதிகமாகக் கண்டறியப்படுவது ஏன், ஒரே மருந்தின் அளவு இருபாலருக்கும் பொருந்துமா, பிறப்பிலேயே பால் அடையாளம் தெளிவற்ற குழந்தைக்கு அறுவை சிகிச்சை செய்யலாமா என்ற கேள்விகள் எல்லாம் இதனோடு பிணைந்துள்ளன. மூளையில் பால் வேறுபாடு எங்கே தொடங்குகிறது, எவ்வாறு வளர்கிறது, எந்த அளவுக்கு உள்ளது என்பதை விளக்குகிறது இந்தக் கட்டுரை.

தொடக்கத்தில் வேறுபாடு இல்லை

மனிதக் கரு உருவான முதல் சில வாரங்களில் ஆண், பெண் என்ற உடல் வேறுபாடு எதுவும் தென்படுவதில்லை. குரோமோசோம்கள் வேறாக இருந்தாலும், பின்னாளில் விந்தகமாகவோ சூலகமாகவோ மாறவிருக்கும் உறுப்பு இருபாலருக்கும் ஒரே வடிவில்தான் உள்ளது. பெரும்பாலான பெண்களுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம்களும், பெரும்பாலான ஆண்களுக்கு ஓர் எக்ஸ், ஓர் ஒய் குரோமோசோமும் உள்ளன.

ஒய் குரோமோசோமில் உள்ள எஸ்.ஆர்.ஒய். என்ற ஒரு மரபணுவே திருப்புமுனைக்குக் காரணம். 1990-ம் ஆண்டு லண்டனில் பீட்டர் குட்ஃபெலோ, ராபின் லவல்-பாட்ஜ் ஆகியோரின் ஆய்வுக் குழுக்கள் இதனை அடையாளம் கண்டன. அடுத்த ஆண்டே, இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் கொண்ட சுண்டெலிக் கருவில் இந்த மரபணுவைச் செலுத்தியபோது, அது விந்தகங்களுடன் ஆணாக வளர்ந்தது. கருவுற்ற 6 அல்லது 7-வது வாரத்தில் இந்த மரபணு செயல்படத் தொடங்கினால் விந்தகம் உருவாகிறது. அது இல்லையெனில் வேறு மரபணுக்களின் வழிகாட்டலில் சூலகம் உருவாகிறது.

இதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, 1940-களில், பிரெஞ்சு அறிவியலாளர் ஆல்ஃபிரெட் ஜோஸ்ட் முக்கியமான ஓர் உண்மையைக் கண்டறிந்திருந்தார். தாயின் வயிற்றில் இருக்கும் முயல் கருக்களிடமிருந்து விந்தகத்தை அகற்றியபோது, ஆண் குரோமோசோம் கொண்ட கருக்களும் பெண் உடலமைப்புடன் வளர்ந்தன. உடலின் ஆண் வடிவத்தைத் தீர்மானிப்பது குரோமோசோம் நேரடியாக அன்று, விந்தகத்தில் சுரக்கும் ஹார்மோன்களே என்பது இதனால் தெளிவானது. அப்படியென்றால் மூளைக்கும் இதே விதி பொருந்துமா என்ற கேள்வி அடுத்து எழுந்தது.

கினிப்பன்றிகள் தந்த விடை

அந்தக் கேள்விக்கு 1959-ல் விடை கிடைத்தது. அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் யங் தலைமையிலான குழு, கருவுற்ற கினிப்பன்றிகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனைச் செலுத்தியது. அவை ஈன்ற பெண் குட்டிகள் வளர்ந்த பின்னர், பெண்ணுக்குரிய இனச்சேர்க்கை நடத்தை அவற்றிடம் குறைந்தும் ஆணுக்குரிய நடத்தை கூடியும் காணப்பட்டது. வளர்ந்த பின்னர் பெண் ஹார்மோன்களைச் செலுத்தியும் இந்த மாற்றத்தைத் திருப்ப முடியவில்லை. ஆனால், வளர்ந்துவிட்ட பெண் கினிப்பன்றிக்கு முதன்முறையாக டெஸ்டோஸ்டிரோனைச் செலுத்தியபோது, இத்தகைய நிரந்தர விளைவு ஏற்படவில்லை.

இதிலிருந்து இரண்டு கட்டங்களைக் கொண்ட ஒரு கோட்பாடு பிறந்தது. முதல் கட்டத்தில், கருவிலோ பிறந்த உடனேயோ, ஹார்மோன்கள் மூளையின் அமைப்பை நிரந்தரமாக வகுக்கின்றன. இதனை 'அமைப்பாக்கம்' எனலாம். இரண்டாம் கட்டத்தில், பருவமடைந்த பின்னர், ஹார்மோன்கள் ஏற்கெனவே வகுக்கப்பட்ட அமைப்பைத் தூண்டிச் செயல்பட வைக்கின்றன. இது 'தூண்டல்'. வீடு கட்டும்போதே மின்கம்பிகளைப் பதிப்பது முதல் கட்டம் என்றால், பின்னாளில் சுவிட்சைப் போடுவது இரண்டாம் கட்டம். இன்றளவும் இந்தத் துறையின் அடிப்படைக் கோட்பாடாக இதுவே உள்ளது.

எனினும், நடத்தை மாறியது என்பதால் மூளையின் அமைப்பே மாறியது என்று அப்போது யாராலும் நிரூபிக்க இயலவில்லை. 1970-களில்தான் அதற்கான சான்றுகள் அடுத்தடுத்து வந்தன. 1973-ல் எலிகளின் ஹைப்போதலாமஸ் பகுதியை ஒட்டிய நரம்பிணைப்புகளில் ஆண், பெண் வேறுபாடு இருப்பதைப் பிரிட்டன் ஆய்வாளர்கள் ஜெஃப்ரி ரெய்ஸ்மன், பாலின் ஃபீல்ட் ஆகியோர் காட்டினர். 1976-ல் ஃபெர்னாண்டோ நோட்டபோம், ஆர்தர் ஆர்னால்ட் ஆகியோர், பாடும் பறவைகளில் பாட்டைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதிகள் ஆண் பறவையிடம் மிகப் பெரியதாக இருப்பதைக் கண்டனர். 1978-ல் ரோஜர் கோர்ஸ்கியின் குழு, எலியின் ஹைப்போதலாமஸ் அருகே ஆணிடம் பல மடங்கு பெரியதாக உள்ள ஒரு நரம்பணுத் தொகுதியை அடையாளம் கண்டது.

ஆண் மூளையை வகுப்பது 'பெண் ஹார்மோனா'?

எலி ஆய்வுகளில் அறிவியலாளர்களை வியப்பில் ஆழ்த்திய முடிவு ஒன்று உண்டு. ஆண் எலியின் மூளையை ஆணாக வகுப்பதில் பெரும்பங்கு வகிப்பது, பொதுவாகப் பெண் ஹார்மோன் என்று அழைக்கப்படும் ஈஸ்ட்ராடியால் ஆகும். விந்தகத்தில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் மூளைக்குள் நுழைந்ததும், அங்குள்ள அரோமடேஸ் என்ற நொதி அதனை ஈஸ்ட்ராடியாலாக மாற்றுகிறது. அதுவே நரம்பணுக்களில் செயல்படுகிறது.

அப்படியானால் தாயின் உடலில் ஏராளமாக உள்ள ஈஸ்ட்ராடியால், பெண் குட்டிகளின் மூளையையும் ஆணாக மாற்றிவிடாதா? இதற்கும் இயற்கையில் ஓர் ஏற்பாடு உள்ளது. எலிக் கருவின் இரத்தத்தில் உள்ள ஆல்ஃபா-ஃபீட்டோபுரோட்டீன் என்ற புரதம், தாயிடமிருந்து வரும் ஈஸ்ட்ராடியாலைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதனால் அது மூளையைச் சென்றடைவதில்லை. டெஸ்டோஸ்டிரோனை அந்தப் புரதம் பிடிப்பதில்லை என்பதால், ஆண் குட்டியின் மூளையில் மட்டும் மாற்றம் நிகழ்கிறது.

மனிதர்களில் இந்த வழிமுறை இதே வடிவில் இல்லை. குரங்கு இனங்களிலும் மனிதரிலும் டெஸ்டோஸ்டிரோன் தன் சொந்த ஏற்பிகளின் வழியாக நேரடியாகச் செயல்படுவதே முக்கியம் எனச் சான்றுகள் சுட்டுகின்றன. எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

செல்களுக்குள் நடப்பது என்ன?

ஹார்மோன் மூளையை 'வகுக்கிறது' என்றால், செல்கள் அளவில் நடப்பது என்ன? முதலாவது வழி, எந்த நரம்பணு பிழைக்கும், எது மடியும் என்பதைத் தீர்மானிப்பது. வளரும் மூளையில் தேவைக்கு அதிகமான நரம்பணுக்கள் உருவாகின்றன. பின்னர் அவற்றில் பல இயல்பாகவே மடிகின்றன. கோர்ஸ்கி கண்டறிந்த தொகுதியில், ஹார்மோன் இருந்தால் நரம்பணுக்கள் பிழைக்கின்றன, இல்லையேல் மடிகின்றன. எனவே அது ஆணிடம் பெரியதாகிறது. அதன் அருகிலேயே, சூல்முட்டை வெளியேற்றத்துக்கான சமிக்ஞையைக் கட்டுப்படுத்தும் மற்றொரு பகுதி உள்ளது. அங்கே அதே ஹார்மோன் நரம்பணுக்களை மடியச் செய்கிறது. எனவே அது பெண்ணிடம் பெரியதாகிறது. ஒரே ஹார்மோன், சில மில்லிமீட்டர் தொலைவுக்குள் நேரெதிர் விளைவுகளைத் தருகிறது.

இரண்டாவது வழி, நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகளை மாற்றுவது. அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்கரெட் மெக்கார்த்தியின் குழு, காய்ச்சல், வீக்கம் ஆகியவற்றோடு தொடர்புடையதாக அறியப்பட்ட புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளுக்கு இதில் பங்கு இருப்பதை 2004-ல் வெளியிட்டது. ஈஸ்ட்ராடியால் இந்த வேதிப்பொருளின் உற்பத்தியைத் தூண்டுகிறது. அதனால் நரம்பணுக்களின் கிளைகளில் புதிய இணைப்பு முனைகள் பெருகுகின்றன. மூளையின் நோய் எதிர்ப்புச் செல்களான மைக்ரோகிளியாவும் இந்தப் பணியில் ஈடுபடுவது பின்னர் தெரியவந்தது. மூளையின் பால் வேறுபாட்டில் நோய் எதிர்ப்பு அமைப்புக்கும் பங்கு உண்டு என்பது அதுவரை எதிர்பாராத ஒன்றாகும்.

மூன்றாவது வழி, மரபணுக்களைப் பூட்டுவதும் திறப்பதும். டி.என்.ஏ. மீது மெத்தில் எனும் வேதிக் குறிகள் ஒட்டிக்கொள்ளும்போது அந்த மரபணு செயல்படாமல் அடங்கியிருக்கும். 2015-ல் மெக்கார்த்தியின் குழு, பிறந்த பெண் எலிக் குட்டிகளின் மூளையில் இந்தக் குறிகள் இடப்படுவதைத் தடுத்தது. அவை வளர்ந்த பின்னர் ஆணுக்குரிய நடத்தையைக் காட்டின. பெண் மூளை என்பது ஹார்மோன் இல்லாததால் தானாக உருவாகிவிடுவது என்ற பழைய எண்ணத்தை இது அசைத்தது. ஆணுக்குரிய மரபணுக்களை அடக்கி வைக்கும் பணி பெண் மூளையில் இடைவிடாது நடைபெறுகிறது என்பதே இதன் பொருள்.

குரோமோசோம்களின் நேரடிப் பங்கு

எல்லாவற்றுக்கும் ஹார்மோனே காரணம் என்ற முடிவும் முழுமையானதன்று. ஜீப்ரா ஃபிஞ்ச் என்ற சிறு பறவையில், உடலின் ஒரு பாதி ஆணாகவும் மறுபாதி பெண்ணாகவும் பிறந்த அரிய பறவை ஒன்று குறித்த ஆய்வு 2003-ல் வெளியானது. அதன் மூளையின் இரு பாதிகளிலும் ஓடுவது ஒரே இரத்தம், ஒரே ஹார்மோன்கள். ஆனாலும் பாட்டைக் கட்டுப்படுத்தும் பகுதி, ஆண் பாதியில் பெரியதாக இருந்தது. செல்களில் உள்ள குரோமோசோம்களும் நேரடியாகச் செயல்படுகின்றன என்பதற்கு இது வலுவான சான்றாக அமைந்தது.

பாலூட்டிகளில் இதனைச் சோதிக்க, எஸ்.ஆர்.ஒய். மரபணு ஒய் குரோமோசோமிலிருந்து வேறொரு குரோமோசோமுக்கு மாற்றப்பட்ட சுண்டெலிகள் பயன்படுத்தப்படுகின்றன. இதனால் இரண்டு எக்ஸ் குரோமோசோமுடன் விந்தகம் கொண்ட எலிகளையும், எக்ஸ் ஒய் குரோமோசோமுடன் சூலகம் கொண்ட எலிகளையும் உருவாக்க முடிகிறது. குரோமோசோமின் விளைவு எது, ஹார்மோனின் விளைவு எது என்று பிரித்துப் பார்க்க இதுவே வழி. சில பண்புகளில் ஹார்மோனும், வேறு சிலவற்றில் குரோமோசோமும் மேலோங்குவதை இத்தகைய ஆய்வுகள் காட்டியுள்ளன.

பெண்களின் செல்களில் உள்ள இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. பிரிட்டன் மரபியலாளர் மேரி லயன் 1961-ல் இதனை முன்வைத்தார். ஆனால் அந்த அடங்கிய குரோமோசோமிலும் சில மரபணுக்கள் தொடர்ந்து செயல்படுகின்றன. மூளை வளர்ச்சியோடு தொடர்புடைய மரபணுக்கள் பல எக்ஸ் குரோமோசோமில் உள்ளன. அவற்றில் ஒன்று பழுதுபட்டால் ஆண்களிடம் அதனை ஈடுசெய்ய மாற்றுப் பிரதி இல்லை. சில வகை அறிவுத்திறன் குறைபாடுகள் சிறுவர்களிடம் அதிகம் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மனிதரில் மூன்று கட்டங்கள்

மனிதர்களில் டெஸ்டோஸ்டிரோன் அளவு மூன்று முறை உயர்கிறது. முதலாவது, கருவறையில். கருவுற்ற 8-வது வாரத்தையொட்டி ஆண் கருவின் விந்தகம் இதனைச் சுரக்கத் தொடங்குகிறது. இரண்டாவது மூன்று மாதக் காலத்தின் தொடக்கத்தையொட்டி அளவு உச்சத்தை அடைகிறது. இரண்டாவது, பிறந்த 1 முதல் 3 மாதங்களுக்குள். 'சிறு பருவமடைதல்' எனப்படும் இந்த உயர்வு சில மாதங்களில் தணிந்துவிடுகிறது. மூன்றாவது, வளரிளம் பருவத்தில்.

கருவின் மூளை இந்தக் காலத்தில் எவ்வாறு கட்டமைக்கப்படுகிறது என்பதைச் செல்கள் அளவில் காண்பதற்கான வாய்ப்பு அண்மைக்காலம் வரை மிகக் குறைவாகவே இருந்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம், 2024 டிசம்பரில் 'தரணி' என்ற பெயரில் மனிதக் கரு மூளையின் முப்பரிமாணப் படத் தொகுப்பை வெளியிட்டது. இரண்டாவது மூன்று மாதக் காலத்தைச் சேர்ந்த கரு மூளைகளின் 5,132 வெட்டுப்படலங்கள் இதில் இடம்பெற்றுள்ளன. இது பால் வேறுபாட்டுக்காக உருவாக்கப்பட்டதன்று. எனினும், ஹார்மோன்கள் செயல்படும் காலத்தில் மூளை எந்த நிலையில் உள்ளது என்பதை அறிய இத்தகைய தொகுப்புகள் அடிப்படையாக அமையும்.

மனிதக் கருவில் ஹார்மோனைச் செலுத்திச் சோதனை செய்ய அறம் இடம் தராது. எனவே, இயற்கையாகவே ஹார்மோன் மாறுபாட்டுடன் பிறப்பவர்களிடமிருந்துதான் ஆய்வாளர்கள் பாடம் கற்கின்றனர். பிறவி அட்ரீனல் மிகைவளர்ச்சி என்ற நிலையில், பெண் கருவின் அட்ரீனல் சுரப்பி ஆண் ஹார்மோன்களை அதிகம் சுரக்கிறது. இத்தகைய சிறுமிகள் வண்டிகள், கட்டுமானப் பொம்மைகள் போன்றவற்றை மற்றச் சிறுமிகளைவிட அதிகம் விரும்புவது பல ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் தம்மைப் பெண்ணாகவே உணர்கின்றனர்.

இதற்கு நேர்மாறானது ஆண்ட்ரோஜன் ஏற்பின்மை என்ற நிலை. எக்ஸ் ஒய் குரோமோசோமும் விந்தகமும் இருந்தும், டெஸ்டோஸ்டிரோனை உணரும் ஏற்பிகள் செயல்படாததால் இவர்கள் முழுமையான பெண் தோற்றத்துடன் பிறக்கின்றனர். பெரும்பாலும் பெண்களாகவே வாழ்கின்றனர். ஆனால் அவர்கள் பெண்ணாகவே வளர்க்கப்படுவதால், இதில் ஹார்மோனின் பங்கு எவ்வளவு, வளர்ப்பின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது எளிதன்று.

வளரிளம் பருவத்தில் வேறுபாடு மீண்டும் கூர்மையாகிறது. அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனம் சிறார்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து எம்.ஆர்.ஐ. ஸ்கேன் செய்து 2007-ல் வெளியிட்ட ஆய்வில், மூளையின் மொத்தக் கன அளவு சிறுமிகளிடம் சுமார் 10½ வயதிலும் சிறுவர்களிடம் சுமார் 14½ வயதிலும் உச்சத்தை எட்டுவது கண்டறியப்பட்டது. ஒரே வகுப்பில் அமரும் 12 வயதுச் சிறுவனும் சிறுமியும் மூளை வளர்ச்சியின் வெவ்வேறு படிகளில் இருக்கலாம். இது வேகத்தின் வேறுபாடே தவிர, திறனின் வேறுபாடு அன்று.

ஸ்கேன் படங்கள் காட்டுவது என்ன?

வளர்ந்தவர்களின் மூளையில் இந்த வேறுபாடுகள் எந்த அளவுக்கு உள்ளன? சராசரியாக ஆண்களின் மூளை பெண்களின் மூளையைவிடச் சுமார் 10 சதவீதம் பெரியது. உடலின் மற்ற உறுப்புகள் பலவும் ஆண்களிடம் பெரியதாக இருப்பதைப் போன்றதே இது. 19-ம் நூற்றாண்டில் மூளையின் எடையைக் கொண்டு பெண்களின் அறிவுத்திறன் குறைவு என்று வாதிட்டவர்கள் இருந்தனர். எடையே அறிவின் அளவுகோல் என்றால், யானையும் திமிங்கலமும் மனிதரை விஞ்சியிருக்க வேண்டும்.

பிரிட்டனின் யு.கே. பயோபாங்க் தரவுகளைக் கொண்டு 5,216 பேரின் மூளை ஸ்கேன்களை ஆராய்ந்த ஆய்வு 2018-ல் வெளியானது. மூளைப் பகுதிகள் பலவற்றின் சராசரியில் இருபாலருக்கும் வேறுபாடு உள்ளது, ஆனால் இருபாலரின் அளவுகளும் பெருமளவு ஒன்றோடொன்று கலந்துள்ளன என்பது அதன் முடிவு. 2021-ல் அமெரிக்க ஆய்வாளர் லிஸ் எலியட் தலைமையிலான குழு முந்தைய பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டி ஆராய்ந்தது. மூளையின் மொத்த அளவைக் கணக்கில் கொண்ட பின்னர், தனிநபர்களுக்கு இடையே காணப்படும் மூளை வேறுபாட்டில் ஏறத்தாழ 1 சதவீதத்தையே பால் விளக்குகிறது என்று அது தெரிவித்தது.

இஸ்ரேலின் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாஃப்னா ஜோயல் குழு, 1,400-க்கும் மேற்பட்ட மூளை ஸ்கேன்களை 2015-ல் ஆராய்ந்தது. எல்லாப் பகுதிகளும் ஆண் பக்கமாகவோ, எல்லாப் பகுதிகளும் பெண் பக்கமாகவோ உள்ள மூளைகள் 8 சதவீதத்துக்கு மேல் இல்லை என்று கண்டது. பெரும்பாலோரின் மூளை இருபாலரிடமும் காணப்படும் கூறுகளின் கலவை என்பது அக்குழுவின் வாதம்.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. எல்லாக் கூறுகளையும் சேர்த்துக் கணினியிடம் கொடுத்தால், ஒரு மூளை ஆணுடையதா பெண்ணுடையதா என்று 90 சதவீதத்துக்கும் மேல் சரியாகச் சொல்கிறது என்று வேறு ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். ஆனால் மூளையின் மொத்த அளவைச் சமப்படுத்திய பின்னர் அந்தத் துல்லியம் பெரிதும் குறைவதும் தெரியவந்துள்ளது. ஒரு மூளையைப் பார்த்து அதன் பாலை ஊகிப்பது ஓரளவு இயலலாம். ஆனால் ஒருவரின் பாலை மட்டும் அறிந்துகொண்டு அவரது மூளை எப்படிப்பட்டது என்று கூறுவது இயலாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதே பல தலைப்புச் செய்திகளின் பிழை.

மேகாலயத்தில் நடந்த சோதனை

உயிரியல் வேறுபாடு இருக்கிறது என்பதாலேயே, ஆற்றலில் காணப்படும் ஒவ்வொரு இடைவெளியும் உயிரியலால் வந்தது என்று கூற முடியாது. இதற்குச் சிறந்த சான்றுகளில் ஒன்று இந்தியாவின் வடகிழக்கிலிருந்தே கிடைத்துள்ளது. பொருள்களின் வடிவத்தையும் இடத்தையும் மனத்தில் உருவகிக்கும் 'இடவுணர் திறன்' ஆண்களிடம் இயற்கையிலேயே அதிகம் என்ற கருத்து நெடுங்காலமாக உள்ளது. மோஷே ஹாஃப்மன், யூரி கினீசி, ஜான் லிஸ்ட் ஆகியோர் இதனைக் காசி, கர்பி ஆகிய இரு சமூகத்தாரிடம் சோதித்து 2011-ல் முடிவை வெளியிட்டனர்.

இந்த இரு சமூகத்தாரும் அருகருகே வாழ்பவர்கள். மரபியல் அடிப்படையில் நெருங்கியவர்கள். ஆனால் காசி சமூகத்தில் தாய்வழி மரபு நிலவுகிறது. குடும்பச் சொத்து கடைசி மகளுக்குச் செல்கிறது. கர்பி சமூகத்தில் தந்தைவழி மரபு. நிலம் ஆண்களின் உரிமை. 1,200-க்கும் மேற்பட்டோரிடம் நான்கு துண்டுகள் கொண்ட ஒரு புதிர்ப்படம் கொடுக்கப்பட்டது. கர்பி ஆண்கள், பெண்களைவிட விரைவாக அதனைப் பொருத்தினர். காசி சமூகத்திலோ இருபாலருக்கும் இடையே வேறுபாடு தென்படவில்லை. இடைவெளியின் ஒரு பகுதிக்குக் கல்வியில் உள்ள வேறுபாடும் காரணம் என்று ஆய்வு கூறியது.

அனுபவம் மூளையின் வடிவத்தையே மாற்றும் என்பதும் அறியப்பட்ட உண்மை. லண்டன் நகரின் ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடம் செய்யும் டாக்சி ஓட்டுநர்களின் மூளையில், இடங்களை நினைவில் வைக்கும் ஹிப்போகாம்பஸின் பின்பகுதி பெரியதாக இருப்பதை எலினோர் மகுவயர் குழு 2000-ம் ஆண்டில் காட்டியது. எனவே 30 வயதினரின் ஸ்கேனில் காணும் வேறுபாட்டில் கருவறையின் பங்கு எவ்வளவு, விளையாட்டு, பள்ளி, வேலை ஆகியவற்றின் பங்கு எவ்வளவு என்பதை அந்தப் படம் மட்டும் சொல்லிவிடாது.

மருத்துவத்தில் ஏன் முக்கியம்?

வேறுபாடுகள் சிறியவை என்றாலும் அவற்றைப் புறக்கணிக்க முடியாது. குழந்தைப் பருவத்தில் மனச்சோர்வின் விகிதம் இருபாலருக்கும் ஏறக்குறைய ஒன்றே. பருவமடைந்த பின்னர், அது பெண்களிடம் சுமார் இரண்டு மடங்காகிறது. பார்க்கின்சன் நோய் ஆண்களிடம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அதிகம். ஆட்டிசம் ஒரு சிறுமிக்கு மூன்று அல்லது நான்கு சிறுவர்கள் என்ற விகிதத்தில் கண்டறியப்படுகிறது. சிறுமிகளிடம் அறிகுறிகள் வேறு வடிவில் வெளிப்படுவதால், அவர்களில் பலர் கண்டறியப்படாமலே விடுபடுகின்றனர் என்ற கவலையும் மருத்துவர்களிடம் உள்ளது.

ஆனால் நெடுங்காலமாக ஆய்வகங்கள் ஆண் விலங்குகளையே நம்பியிருந்தன. மாதவிடாய்ச் சுழற்சிக்கு நிகரான ஹார்மோன் ஏற்ற இறக்கம் முடிவுகளைக் குழப்பும் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். 2011-ல் வெளியான ஒரு மதிப்பாய்வின்படி, நரம்பியலில் ஒரு பாலை மட்டும் பயன்படுத்திய விலங்கு ஆய்வுகளில், பெண் விலங்குகளைப் பயன்படுத்திய ஒவ்வோர் ஆய்வுக்கும் ஆண் விலங்குகளைப் பயன்படுத்தியவை ஐந்துக்கும் மேல் இருந்தன. அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்கள் 2016 முதல், நிதி கோரும் ஆய்வுகளில் பால் என்பதையும் ஒரு காரணியாகக் கருத வேண்டும் என்று வலியுறுத்தின.

இந்தப் புறக்கணிப்பின் விளைவு மருந்துக் கடைவரை வந்தது. சோல்பிடெம் என்ற தூக்க மருந்து பெண்களின் உடலிலிருந்து மெதுவாக வெளியேறுவதால், மறுநாள் காலையில் வாகனம் ஓட்டும்போதும் மயக்கம் நீடிக்கும் ஆபத்து இருந்தது. மருந்து பல ஆண்டுகள் விற்பனையில் இருந்த பின்னரே, 2013-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பெண்களுக்கான பரிந்துரை அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 மில்லிகிராமாகக் குறைத்தது. இது மூளை அமைப்பின் வேறுபாட்டால் அன்றி, மருந்து உடலில் கையாளப்படும் விதத்தால் வந்த வேறுபாடு. எனினும் இருபாலரிடமும் சோதிக்காமல் விடுவதன் விலை என்ன என்பதை இது உணர்த்தியது.

பச்சிளங்குழந்தைகளுக்கான கேள்வி

இந்த அறிவியலின் தாக்கம் மிகக் கூர்மையாகத் தெரிவது, இடைப்பாலினக் குழந்தைகளின் வாழ்வில்தான். 1960-களில் கனடாவில், அறுவை சிகிச்சையின்போது நேர்ந்த விபத்தில் பிறப்புறுப்பை இழந்த ஆண் குழந்தை ஒன்று, பெண்ணாக வளர்க்கப்பட்டது. வளர்ப்பே அடையாளத்தைத் தீர்மானிக்கும் என்று அப்போது நம்பப்பட்டது. சிகிச்சை வெற்றி என்று பல ஆண்டுகள் மருத்துவ நூல்களில் குறிப்பிடப்பட்டது. ஆனால் அந்தக் குழந்தை தன்னை ஒருபோதும் பெண்ணாக உணரவில்லை. பதின்ம வயதில் உண்மை தெரிந்ததும் ஆணாக வாழத் தொடங்கியது. 2004-ல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஒரே ஒருவரின் வாழ்விலிருந்து பொது விதியை வகுக்க முடியாது. ஆனால், பிறந்த குழந்தையின் அடையாளத்தை மற்றவர்கள் முடிவு செய்துவிட முடியும் என்ற நம்பிக்கையை அது ஆட்டம்காணச் செய்தது.

இந்தியாவில் இந்தக் கேள்வி நீதிமன்றத்திலும் எழுந்தது. இடைப்பாலினக் குழந்தைகளுக்குப் பால் மாற்று அறுவை சிகிச்சை செய்வதைத் தடை செய்ய உரிய ஆணை பிறப்பிக்குமாறு 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதனைத் தொடர்ந்து, உயிருக்கு ஆபத்தான சூழல்கள் தவிர மற்றவற்றில் இத்தகைய அறுவை சிகிச்சைகளுக்குத் தடை விதித்து அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு அரசாணை வெளியிட்டது. குழந்தை வளர்ந்து, தான் யார் என்பதைத் தானே கூறும்வரை காத்திருக்க வேண்டும் என்பதே இதன் சாரம். எந்த ஸ்கேனும், எந்த இரத்தப் பரிசோதனையும் அந்த விடையை முன்கூட்டியே தந்துவிட முடியாது என்ற அறிவியல் நிலையோடு இது பொருந்துகிறது.

செய்திகளைப் படிக்கும்போது கவனிக்க வேண்டியவை

ஆண் மூளை, பெண் மூளை குறித்த செய்திகள் அடிக்கடி வெளியாகின்றன. அவற்றைப் படிக்கும்போது சில கேள்விகளை எழுப்பிப் பார்க்கலாம். ஆய்வு நடந்தது எலியிடமா, மனிதரிடமா? கூறப்படுவது சராசரியின் வேறுபாடா, அல்லது ஒவ்வொருவருக்கும் பொருந்துவதா? மூளையின் மொத்த அளவு கணக்கில் கொள்ளப்பட்டதா? பங்கேற்றோரின் கல்வி, வாழ்க்கைச் சூழல் ஆகியவை ஒப்பிடத்தக்கவையா?

குரோமோசோம்கள், ஹார்மோன்கள், அனுபவம் ஆகிய மூன்றும் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு பகுதிகளில் மூளையை வடிவமைக்கின்றன என்பதே இதுவரையிலான ஆய்வுகளின் முடிவு. இனப்பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் ஹைப்போதலாமஸ் பகுதியில் வேறுபாடு தெளிவாக உள்ளது. சிந்தனை, மொழி, கணிதம் ஆகியவற்றுக்கான மூளைப் பகுதிகளில் இருபாலருக்கும் பொதுவானதே மிகுதி. நோயாளிக்கு எந்த மருந்து, எந்த அளவு என்று முடிவு செய்யும் மருத்துவர் இந்த வேறுபாட்டைக் கருத்தில் கொள்ள வேண்டும். மாணவி எந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்று முடிவு செய்யும் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் அதில் எந்த ஆதாரமும் இல்லை.